ஹாப் என்றால் அடுப்புதான்

"அக்கா, குக்டாப் பாக்குறீங்களா, ஹாப் பாக்குறீங்களா?" என்று அந்தக் கடையின் விற்பனையாளர் கேட்டபோது நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் அடுப்பு பார்க்க வந்திருந்தோம்.

தஞ்சாவூரில் பதினைந்து வருடத்துக்கும் மேலாக வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஊருக்கு வெளியே, முன்பு நெல் விளைந்த இடத்தில் போட்ட மனையில் ஒரு வீடு கட்டியிருந்தோம். மழை பெய்தால் இன்னமும் தவளைகள் அது தங்கள் வயல் என்றுதான் நினைத்துக்கொள்கின்றன. என் கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வீடு எழும்பிய நாட்களில் அவர் அங்கே இருந்தார். அஸ்திவாரம், நிலைக்கதவு, தளம் என்று எல்லாவற்றையும் வீடியோ காலில்தான் பார்த்தார். புதுமனை புகுவிழாவுக்கு ஒரு மாத விடுப்பில் வந்தவருக்கு ஒரே ஒரு ஆசை: அடுப்பு மட்டும் தன் கையால் வாங்க வேண்டும்.

"ஹாப்னா கம்பெனி பேரா தம்பி?" என்று நான்தான் கேட்டேன்.

"இல்லக்கா. ஹாப்னா அடுப்புதான்."

"அப்ப குக்டாப்?"

"அதுவும் அடுப்புதாங்க்கா."

என் கணவர் சிரிப்பை அடக்க இருமினார். விற்பனையாளர் பொறுமைசாலி. எங்களை இரண்டு அடுப்புகளுக்கு நடுவே நிற்கவைத்துக் காட்டினார். மேடைக்கு மேலே கால் வைத்து உட்கார்ந்திருந்தால் அது குக்டாப். கிரானைட்டை வெட்டி, மேடைக்குள்ளே இறங்கி, கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தால் ஹாப். இரண்டு விதமாகவும் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது ஹாப்-டாப். இதுவரை எனக்கு நன்றாகவே புரிந்தது. அதற்குப் பிறகு அவர் வேகம் எடுத்தார்.

"இது ஃபுல் பிராஸ் பர்னர்க்கா. டஃபண்ட் கிளாஸ். நாலு பர்னர்ல ஒண்ணு ஜம்போ, ஒண்ணு சிம்மர். ஆட்டோ இக்னிஷன். எஃப்.எஃப்.டி.யும் இருக்கு."

நான் தலையாட்டினேன். மருத்துவக் கல்லூரி சாலையில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள் நான். "ஸ்பைரலா, சாஃப்ட் பைண்டிங்கா, பேக் டு பேக் போடவா?" என்று நாள் முழுக்க மாணவர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். சிலர் ஒன்றும் புரியாமல் இப்படித்தான் தலையாட்டுவார்கள். அவர்களுடைய அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 'போதும், அதையே கொடுங்க' என்றுதான் அர்த்தம்.

பிராஸ் என்றால் பித்தளை, அது சரி. ஜம்போ என்றால் பெரிய பர்னர், சிம்மர் என்றால் சின்னது. டஃபண்ட் கிளாஸ் என்றால் சூட்டையும் தட்டலையும் தாங்கும் கண்ணாடி என்று என் கணவர் சொன்னார். ஆட்டோ இக்னிஷன் என்றால் தீப்பெட்டியும் லைட்டரும் வேண்டாம், குமிழை அமுக்கித் திருகினால் தானாகப் பற்றிக்கொள்ளும். எஃப்.எஃப்.டி. என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர், "அங்க முதலாளி வீட்டுல எல்லாம் இதுதான். பளபளன்னு தொடச்சு வச்சிருப்பாங்க" என்று அந்தக் கறுப்புக் கண்ணாடியை ஒரு விரலால் தடவினார். சர்வீஸ் செய்யப் போகும் வீடுகளில், ஏசிக்காக ஏணி போட்டு நிற்கும்போது அவர் பார்த்த அடுப்பு அது. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பொருத்த வந்தவர் வேலையை ஒரு காலையில் முடித்துவிட்டார். அப்போது சிலிண்டர் புது வீட்டுக்கு மாறி வரவில்லை. குமிழைத் திருகி, டிக் டிக் என்று பொறி மட்டும் பறக்கவைத்துக் காட்டினார். கேஸ் வந்த பிறகு ஒருமுறை பற்றவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சிலிண்டரும் வந்தது, இணைப்பும் கொடுத்தாயிற்று. ஆனால் பால் காய்ச்சுவதற்கு முன்னால் புது அடுப்பில் தீ மூட்டக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்ததால் நாங்கள் அதைத் தொடவில்லை. துடைக்க மட்டும் துடைத்தோம். என் கணவர் நாளுக்கு மூன்று தடவையாவது துடைத்திருப்பார்.

விழாவன்று சூரியன் உதிப்பதற்கு முன்பே வீடு நிறைந்துவிட்டது. ஹோமம் முடிந்து, புகையில் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. "முகூர்த்தம் முடியறதுக்குள்ள பாலைக் காய்ச்சிடுங்கோ" என்று குருக்கள் சொன்னார். பித்தளைப் பானைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, பாலை ஊற்றி ஜம்போ பர்னர் மேல் வைத்தேன். சமையலறைக்குள் நிற்க இடமில்லாமல் வாசற்படி வரைக்கும் தலைகள்.

குமிழை அமுக்கித் திருகினேன். டிக் டிக் என்று பொறி பறந்து, நீலமாகத் தீ வட்டம் கட்டியது. எல்லோரும் "ஆ" என்றார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். நான் கையை எடுத்தேன். தீ அணைந்துவிட்டது.

காற்றாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினோம். மறுபடி திருகினேன். பற்றியது. கையை எடுத்ததும் அணைந்தது. என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கும் அப்படியே. ரெகுலேட்டரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், வேறு பர்னரில் வைத்துப் பார்த்தார். நான்கும் சொல்லிவைத்தாற்போல ஒரே மாதிரி நடந்துகொண்டன. பற்றும், கையை எடுத்தால் அணையும்.

குலவை நின்று வெகு நேரமாகியிருந்தது. பின்னாலிருந்து யாரோ தாழ்ந்த குரலில், "தீ நிக்க மாட்டேங்குதே" என்றது எனக்குக் கேட்டது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும், எத்தனை வருடம் தனித்தனியாக இருந்து கட்டிய வீடு. முதல் நாளே அடுப்பில் தீ நிற்கவில்லை என்றால் அதற்கு அர்த்தம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? என் கணவரைப் பார்த்தேன். மஸ்கட் வெயிலில் கட்டட உச்சியில் நின்று பெரிய பெரிய இயந்திரங்களைச் சரிசெய்கிறவர், தான் ஆசைப்பட்டு வாங்கிய அடுப்பின் முன்னால் காது சிவந்து நின்றிருந்தார்.

"இண்டக்‌ஷன் வந்திருக்குல்ல, அதை எடுங்க!" என்றார் என் அண்ணன். சீராக வந்த பொருட்களில் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் இருந்தது. அட்டைப்பெட்டியைக் கிழித்து, ப்ளக்கைச் செருகி, பித்தளைப் பானையைத் தூக்கி அதன்மேல் வைத்தோம். அது கீச் கீச் என்று கத்தியது. திரையில் ஏதோ ஓர் எழுத்து மின்னியது.

"என்ன சொல்லுது?" என்றேன்.

என் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "பாத்திரமே வைக்கலன்னு சொல்லுது" என்றார்.

மஞ்சளும் குங்குமமும் வைத்த பானை அதன் தலைமேல் கனமாக உட்கார்ந்திருக்கிறது. அது பாத்திரமே இல்லை என்கிறது. கூட்டத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் கிளம்பியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரும்பு கலந்த, காந்தம் ஒட்டும் பாத்திரத்தை மட்டும்தான் இண்டக்‌ஷன் பாத்திரம் என்று ஒத்துக்கொள்ளும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

"சரி, மூணு செங்கல்லை எடுத்துட்டு வாங்க. வெளியில வெறகு வச்சு காய்ச்சிடலாம். அந்தக் காலத்துல எல்லாம் என்ன பண்ணாங்க?" என்று யாரோ சொன்னார்கள். கொத்தனார் மிச்சம் வைத்துப்போன செங்கல் பின்பக்கம் கிடந்தது. இரண்டு பேர் எடுக்கப் போனார்கள். பானையைத் திரும்ப ஹாப்பின் மேலேயே வைத்துவிட்டு, என் கணவர் சுவரோரமாக ஒதுங்கினார்.

அப்போதுதான் சின்னத்தை உள்ளே வந்தார். என் மாமியாரின் தங்கை என்பதால் எனக்குச் சின்ன அத்தை. என் கணவருக்குச் சித்தி. கோடியக்கரைப் பக்கத்திலிருந்து வர வேண்டியவர். பேருந்து தாமதமாகி, ஹோமம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். உப்பளத்தில் வேலை பார்த்து உரம் ஏறிய கை, உப்பளத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடுப்பின் முன்னால் வந்து நின்றார்.

"என்னடா இது, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? நல்ல நாளும் அதுவுமா?"

"அடுப்பு நிக்க மாட்டேங்குது சித்தி."

"நிக்காம எங்க போயிடும்? தள்ளு."

குமிழைக் கட்டைவிரலால் அமுக்கித் திருகினார். தீ பற்றியது. அதே நேரத்தில் வாசலில் செங்கல்லோடு வந்த ஆட்கள் அவர் கண்ணில் பட்டார்கள். அவ்வளவுதான்.

"ஏய், எதுக்கு அந்தக் கல்லு? இம்புட்டு ஆசையா அடுப்பு வாங்கி வச்சிருக்கான் புள்ள, நீங்க வாசல்ல கல்லைக் கூட்டி பாலு காய்ச்சப் போறீங்களா? கொண்டுபோய் எடுத்த எடத்துலயே போடுங்க! நான் என்ன சொல்றேன், நீ என்ன பல்ல இளிக்கிற?" என்று ஆரம்பித்தவர், பேருந்து தாமதமானதையும், நடத்துநர் சில்லறை இல்லை என்றதையும், உட்கார இடம் தராத ஒருவரையும் அதே மூச்சில் சேர்த்துத் திட்டி முடித்தார். இவ்வளவையும் சொல்லும்போது அவர் கட்டைவிரல் குமிழின் மேலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார். பேசி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைப்பதற்காகக் கையை எடுத்தார்.

தீ அணையவில்லை.

எல்லோரும் அந்த நீல வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "என்ன, எல்லாரும் ஏன் இப்புடி பாக்குறீங்க?" என்றார் சின்னத்தை.

"எப்படி சித்தி நின்னுச்சு?" என்று என் கணவர் கிட்டே வந்தார்.

"எனக்கென்னடா தெரியும்? பத்தவச்சேன், எரியுது."

பால் சூடேறத் தொடங்கியது. பானையின் விளிம்பில் நுரை கூடியது. ஏடு விரிந்து, மெதுவாக எழும்பி, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. "பொங்கிடுச்சு!" என்று ஒரே சத்தம். குலவை மறுபடி கிளம்பியது. நான் அழுகிறேன் என்பதே கன்னத்தைத் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வழிந்த பால் பர்னருக்குள் இறங்கித் தீயை அணைத்துவிட்டது. பழக்கதோஷத்தில் நான் அவசரமாகக் குமிழை மூடப் போனேன். பழைய வீட்டில் இப்படி ஆனால் அடுத்த நொடி கேஸ் நாற்றம் மூக்கில் ஏறும்.

நாற்றமே இல்லை. உள்ளே 'டக்' என்று ஒரு சின்ன ஓசை மட்டும் கேட்டது.

என் கணவர் குனிந்து பர்னரின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஆணி மாதிரி ஒரு சிறிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"எஃப்.எஃப்.டி.! கடையில அந்தத் தம்பி சொன்னாரே, ஞாபகம் இருக்கா? ஃபிளேம் ஃபெயிலியர் டிவைஸ். தீ அணைஞ்சா கேஸை நிறுத்துற சமாச்சாரம். இந்தக் கம்பி சூடா இருந்தாத்தான் கேஸை விடும். நாம பத்தவச்ச உடனே கையை எடுத்துட்டோம். அது சூடாகவே இல்ல. தீ இல்லைன்னு நெனச்சு மூடிக்கிச்சு. சித்தி பேசிக்கிட்டே புடிச்சுட்டு இருந்தாங்க பாரு, அதுல சூடாயிடுச்சு!"

"அப்ப நான் பேசினது நல்லதுக்குத்தான்" என்றார் சின்னத்தை.

தீ நிற்கவில்லையே என்று முணுமுணுத்தவர்கூட, பாதுகாப்பான அடுப்பு என்று சொல்லிக்கொண்டு பால் வாங்கிக் குடித்தார். குருக்கள் தன் வீட்டுக்கும் ஒன்று வாங்கலாமா என்று என் கணவரிடம் விசாரித்தார். அன்று மாலை வரைக்கும் வந்தவர்களுக்கெல்லாம் என் கணவர் அடுப்பைப் பற்றவைத்து, அமுக்கிப் பிடித்து, விட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். விடுப்பு முடிந்து விமானம் ஏறிய பிறகும் ஃபோனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "அடுப்பு எப்படி இருக்கு?" என்பதுதான். நான் எப்படி இருக்கிறேன் என்பது இரண்டாவதாக வந்தது. அதற்காக ஒரு நாள் ஃபோனிலேயே சண்டை போட்டுச் சிரித்தோம்.

கொஞ்ச நாள் கழித்துச் சின்னத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு பெரிய துணிப்பை. சோபாவில் உட்காருவதற்கு முன்பே, "எனக்கும் ஒரு கரண்டு அடுப்பு வாங்கித் தா. எங்க ஊருல சிலிண்டர் தீந்துட்டா அடுத்தது வர்ற வரைக்கும் திண்டாட்டமா இருக்கு" என்றார்.

"அதுக்கென்ன, போலாம். பையில என்ன?"

"சட்டி."

மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி. பழைய புடவையில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு வேதாரண்யம் வழியாகப் பேருந்தில் கொண்டுவந்திருந்தார். "இந்தச் சட்டிய ஒத்துக்குற அடுப்புதான் எனக்கு வேணும். பானைய வச்சா பானையே இல்லன்னு சொல்ற அடுப்பு எனக்கு வேணாம்."

அதே கடைக்குப் போனோம். அதே விற்பனையாளர். இந்த முறை நான் தயாராக இருந்தேன். தெரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு முன்னால் சின்னத்தையே நிறுத்தினார்.

"இது இண்டக்‌ஷன்மா. பிரீசெட் இருக்கு."

"அப்படின்னா?"

"முன்கூட்டியே செட் பண்ணி வச்சிருப்பாங்கம்மா. பாலுக்குத் தனி பட்டன், தோசைக்குத் தனி பட்டன், குழம்புக்குத் தனி. அமுக்கினா அதுவே சூட்டைப் பாத்துக்கும்."

சின்னத்தை குனிந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "மீன் எங்க?"

"மீனுக்குத் தனியா இல்லம்மா."

"பின்ன என்ன முன்கூட்டி?" என்று சொல்லிவிட்டு, பையைத் திறந்து சட்டியை எடுத்து அதன்மேல் வைத்தார். அது கீச் கீச் என்று கத்தியது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னத்தை அசரவில்லை. "பாத்தியா, இதுக்கும் கண்ணு தெரியல" என்று என்னிடம் சொன்னார்.

விற்பனையாளர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த இன்னொரு அடுப்பைக் காட்டினார். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. அது இன்ஃப்ராரெட் என்றார். அப்படி என்றால் என்ன என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். இண்டக்‌ஷன் அடுப்பு தான் சூடாகாமல் பாத்திரத்தைச் சூடாக்குகிறது. அதனால்தான் பாத்திரம் எது என்று பார்க்கிறது. இன்ஃப்ராரெட் தானே செக்கச்செவேல் என்று கனன்று, மேலே எதை வைத்தாலும் சூடாக்குகிறது. அடி மட்டும் தட்டையாக இருந்தால் போதும். கண்ணாடியைத்தான் தொட்டுவிடக் கூடாது. பட்டனை அமுக்கியதும் கண்ணாடிக்கு அடியில் சிவப்பு வட்டம் எழுந்தது. சின்னத்தை முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்தது.

"இது அடுப்பு" என்றார்.

சட்டியின் அடி தட்டையா என்று மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். ஆடவில்லை. முதலில் சூட்டைக் குறைத்து வைத்து, மெல்ல மெல்ல ஏற்றினால் மண்சட்டி விரிசல் விடாது என்று விற்பனையாளர் சொன்னார். "சட்டிய எப்புடி பழக்கணும்னு எனக்குத் தெரியும் தம்பி, அடுப்பை மட்டும் நீங்க பழக்கிக் குடுங்க" என்றார் சின்னத்தை. வாட் என்பது மின்சாரத்தின் அளவு, அது கூடினால் சூடு கூடும் என்று விற்பனையாளர் பழக்கிக் கொடுத்தார். எந்தப் பட்டன் கூட்டும், எது குறைக்கும் என்பதைச் சின்னத்தை கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டும் வரைக்கும் நாங்கள் கடையை விட்டு நகரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டுச் சின்னத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கடற்காற்று கூரை ஓடுகளைத் தூக்கிவிடும் போல வீசிக்கொண்டிருந்தது. சமையலறையில், பழைய கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இன்ஃப்ராரெட் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அதன்மேல் சட்டி. புளியும் மிளகாயும் சேர்ந்து கொதிக்கிற வாசனை தெருமுனையிலேயே என்னைப் பிடித்திருந்தது. சின்னத்தை கொடுவா மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே நழுவவிட்டார். கடைசித் துண்டு இறங்கியதும் மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. கண்ணாடிக்கு அடியில் இருந்த சிவப்பும் மங்கிக்கொண்டே போனது.

"கரண்டு போச்சே! கேஸ்ல தூக்கி வச்சிடலாமா?" என்றேன்.

"இரு இரு, அவசரப்படாத."

சட்டியின் மேல் தட்டை வைத்து மூடிவிட்டு, கண்ணாடியைத் தொடாமல் உள்ளங்கையை அதன் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். நானும் நீட்டிப் பார்த்தேன். அனல் அப்படியே இருந்தது. மூடிக்குள் குழம்பு களக் களக் என்று கொதிப்பது கேட்டது. மீன் வேக எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? நாங்கள் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோற்றை வைத்து முடிப்பதற்குள் அது பதமாக வெந்திருந்தது.

மின்சாரம் வருவதற்குக் காத்திருக்காமல், ஜன்னலைத் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். சின்னத்தை எனக்கு நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார். முதல் கவளத்தை நான் விழுங்கும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்புடி?"

இரண்டாவது கவளத்தையும் வாயில் போட்டுக்கொண்டேன். இன்னொரு துண்டுக்கு இலையை அவர் பக்கம் நகர்த்தினேன்.